முதல் விடை குழந்தையுடையதாகட்டும்

எங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. "எங்கே வலிக்கிறது?" என்று மருத்துவர் குழந்தையைக் கேட்பார்; விடை தாயிடமிருந்து வரும். "எத்தனை நாளாக?" என்றால் தந்தை சொல்வார். குழந்தையோ பெரியவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்பினால் நிகழும் இதில் குற்றம் காண நாங்கள் முற்படவில்லை. ஆயினும், தன் வயிற்றுவலியைத் தானே சொல்லப் பழகாத குழந்தை, அதனினும் கொடிய ஒன்றைச் சொல்ல எவ்வாறு துணியும் என்ற கேள்வி எங்களை விட்டு நீங்கவில்லை.

சென்னை அயனாவரத்தில் 2018ஆம் ஆண்டு வெளிப்பட்ட கொடுமை பலருக்கும் நினைவிருக்கும். செவித்திறன் குறைந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, பல மாதங்கள் பலரால் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானாள். இறுதியில் அவள் மனம் திறந்தது தன் தமக்கையிடம். தமக்கை செவிகொடுத்தாள்; நம்பினாள். 2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அந்த நீதியின் தொடக்கம், வீட்டில் ஒருவர் காதுகொடுத்துக் கேட்ட பொழுதே.

தன்னைப் பற்றிய காரியங்களில் கருத்துச் சொல்லவும் அக்கருத்து மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு கூறுகிறது. 1992இல் இந்தியா அதனை ஏற்றது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயது நிரம்பாத ஆண், பெண் குழந்தைகள் அனைவரையும் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெறவேண்டும். பெறும் அதிகாரி சீருடையில் இருத்தலாகாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்கவேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்கவேண்டும். காவல்துறையின் கடிதம் கேட்டு அவசர சிகிச்சையைத் தாமதப்படுத்த எந்த மருத்துவமனைக்கும் உரிமையில்லை.

"வெளியில் தெரிந்தால் பிள்ளையின் எதிர்காலம் என்னாகும்?" என்று குடும்பத்தார் அஞ்சுவதை நாங்கள் அறிவோம். அவ்வச்சத்தை எளிதாகக் கருதவில்லை. ஆனால் மௌனம் காப்பது குழந்தையை அன்று, தவறு செய்தவனையே. குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. மற்றொன்றையும் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறோம்: இத்தகைய குற்றம் எங்களுக்குத் தெரியவந்தால் காவல்துறைக்கு அறிவிப்பது எங்கள் கடமை; அறிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது. இதற்கு அஞ்சி எவரும் குழந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துவரத் தயங்கலாகாது.

காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி, நின்றுபோன பழக்கமாகிய படுக்கையில் சிறுநீர் கழித்தல் மீண்டும் தொடங்குதல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு ஒதுங்குதல் ஆகியவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். இருப்பினும் அமைதியாகக் கேட்கவேண்டிய நேரம் அது. குழந்தை பேசத் தொடங்கினால் இடைமறிக்கவேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம், "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்ற கடிந்துரையும் வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உன்மீது தவறில்லை" என்ற சொற்கள் போதும். பின்பு, அப்போது உடுத்தியிருந்த உடையைத் துவைக்காமல் எடுத்துக்கொண்டு விரைந்து மருத்துவமனைக்கு வாருங்கள். 1098 என்னும் இலவசக் குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. திருவெறும்பூரில் அனைத்து மகளிர் காவல் நிலையமும் உள்ளது.

திருவெறும்பூரிலிருந்தும் துவாக்குடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வரும் பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் சிறிது. அடுத்த முறை மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்குக் குழந்தையே விடை சொல்லட்டும். அது திக்கலாம், தயங்கலாம், காத்திருப்போம். வெளியே வரிசை நீண்டிருப்பினும் அவ்விடைக்காகக் காத்திருக்கும் பொறுமை மருத்துவர்களாகிய எங்களுக்கும் வேண்டும். சிறு வலியைச் சொன்னபோது கேட்கப்பட்ட குழந்தை, பெரிய துன்பம் நேரும்போதும் நம்மிடமே வரும்.