காகிதம் ஓகே, ஆள் எங்கே?

கேஷுவல் லீவ், மெடிக்கல் லீவ் எதுவும் எடுக்காத ஒரே குமாஸ்தா நம் இதயம்தான். நிமிஷத்துக்கு எழுபது தடவை என்று வைத்தாலும், ஒரு நாளைக்கு லட்சம் கையெழுத்து! அந்த அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தர்தான் ஈ.ஸி.ஜி.

நடுவில் ஒரு துடிப்பு அவசரப்பட்டு முந்திக்கொண்டால் காகிதத்தில் உடனே தெரிந்துவிடும். ஆரோக்கியமான இதயத்தில் இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஹார்ட் அட்டாக் வந்து தேறியவருக்கு அடிக்கடி வந்தால்தான் கவலை. திடீர் மரணத்துக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

எண்பதுகளில் டாக்டர்கள் போட்ட கணக்கு ரொம்ப சிம்பிள். முந்திரிக்கொட்டைத் துடிப்புகளை மாத்திரையால் அடக்கு, ஆசாமி பிழைப்பார். கேட்டால் நீங்களும் நானும்கூடத் தலையாட்டுவோம்.

நல்லவேளை, அமெரிக்க அரசுப் பணத்தில் 'காஸ்ட்' என்றொரு ஆய்வு நடத்திப் பார்த்தார்கள். மாத்திரைக்குத் துடிப்பு அடங்குகிறது என்று முதலிலேயே உறுதியானவர்களைத்தான் சேர்த்தார்கள். 755 பேருக்கு ஃப்ளெகனைட் அல்லது என்கனைட். 743 பேருக்கு வெறும் மாவு மாத்திரை. 1989-ல் அவசர அவசரமாகப் பாதியில் நிறுத்தினார்கள். 1991-ல் வெளியான கணக்கைப் பாருங்கள்: சராசரி பத்தே மாதத்தில் மாவு மாத்திரைக்காரர்களில் 26 பேர் மரணம். நிஜ மாத்திரைக்காரர்களில் 63 பேர்!

ஃபைல் பக்கா. ஆளைத்தான் காணோம்.

ஏன் இப்படி? இந்த மருந்துகள் இதயத்தில் மின்சாரம் ஓடும் வேகத்தைக் குறைக்கின்றன. ஈ.ஸி.ஜி.யில் அலை அகலமாகும். அட்டாக்கில் தழும்பு விழுந்த இடத்தில், மெதுவாகப் போகும் மின்சாரம் வழி தெரியாமல் ரவுண்டானா மாதிரி சுற்றிச் சுற்றி வர ஆரம்பிக்கும். அந்தச் சுற்று வேகம் பிடித்தால் ஆபத்து.

சோட்டலால், க்வினிடின் வகையறாவின் கதை வேறு. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் ரீசார்ஜ் ஆகிற நேரத்தை இவை நீட்டும். ஈ.ஸி.ஜி.யில் அதற்கு 'க்யூடி' என்று பெயர். துடிப்பு வேகத்துக்குத் தக்கபடி திருத்திய க்யூடி, அரை விநாடியை, அதாவது பன்னிரண்டரை சின்னக் கட்டத்தைத் தாண்டினால் டாக்டர் முகம் மாறும். அலைகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு ஆளை மயக்கம் போட வைக்கலாம், உயிரையே எடுக்கலாம். 1966-ல் டெஸெர்ட்டென் என்ற பிரெஞ்சு டாக்டர் இந்த முறுக்கலுக்குப் பெயரே வைத்தார். உடம்பில் பொட்டாசியம் குறைந்திருந்தால் இன்னும் மோசம். எரித்ரோமைசின் மாதிரி சாதாரண ஆன்டிபயாடிக்கும் க்யூடியை நீட்டும்.

உடனே வீட்டில் அப்பாவின் மாத்திரையைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடாதீர்கள் சார்! திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. தழும்பு, அடைப்பு இல்லாத இதயத்துக்கு ஃப்ளெகனைட் இன்றைக்கும் நல்ல மருந்துதான். ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. சொன்ன தேதியில் அவருக்கு ஈ.ஸி.ஜி. எடுங்கள். ஜுரத்துக்குப் போனாலும் பல்வலிக்குப் போனாலும், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்கம் போட்டு விழுந்தால், 'வெயில்தான், சோடா கொடு' என்று சமாளிக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மாத்திரைப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள். வேண்டுமானால் லாட்ஜ் ரசீதுகளை எடுத்துவிட்டு இடம் பண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள்!