ஒரு வாரத்துக் கரும்பு



பொங்கலுக்கு முந்தின நாள் கடைத்தெருவில் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரும்புக் கட்டை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "விலையைக் குறைச்சுச் சொல்லுப்பா" என்று பெரியவர்கள் பேரம் பேசுவார்கள். "கட்டுப்படி ஆகாதுங்கம்மா" என்பார் கரும்புக்காரர். கடைசியில் கேட்ட விலைக்கே கொடுத்தும் விடுவார். ஏன் தெரியுமா? பொங்கல் போய்விட்டால் அந்தக் கரும்பைக் கேட்க ஆள் இல்லை!

"சர்க்கரை ஆலைக்கு அனுப்பி விடலாமே, ஐயா?" என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பீர்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது. நாம் கடித்துத் தின்னும் கரும்பு வேறு, ஆலைக்குப் போகும் கரும்பு வேறு.

கொள்ளிடத்து மணல் திட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து ஆடும் நாணலைப் பார்த்திருக்கிறீர்களா? அது கரும்புக்குச் சொந்தக்காரப் புல். (நெல்லும் கரும்பும்கூடப் புல் குடும்பம்தான்.) நாணலில் சாறு இனிக்காது, ஆனால் வெயில், குளிர், நோய் எதற்கும் அசையாத முரட்டுப் புல். 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அங்கே பார்பர் என்ற ஆங்கிலேயரும் நம்மவரான டி.எஸ்.வெங்கடராமனும், 'வெள்ளை' என்ற இனிப்புக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து ஒரு புது ரகம் உண்டாக்கினார்கள். அதுதான் 1918-இல் வெளிவந்த கோ.205. 'கோ' என்றால் கோயம்புத்தூர்! இன்று ஆலைக்குப் போகும் கரும்புகளின் உடம்பில் அந்த நாணலின் ரத்தமும் ஓடுகிறது. அதனால்தான் அவை கெட்டியாக இருக்கின்றன, பல்லுக்கு ஆகாது.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் குருங்குளத்தில் உள்ள அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை போன்ற ஆலைகளில் ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய 90 முதல் 100 கிலோ சர்க்கரை கிடைக்கும். சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கலாம். கழிவுப்பாகிலிருந்து எடுக்கும் எரிசாராயம் பெட்ரோலோடு கலக்கிறது. பாபநாசம் பக்கம் வீரமாங்குடியில் கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி அச்சுவெல்லம் வார்க்கிறார்கள். ஆக, ஆலைக் கரும்புக்குப் போக நாலு வழி உண்டு.

பொங்கலுக்கு வரும் செங்கரும்புக்கு, அதாவது பன்னீர்க் கரும்புக்கு, ஒரே வழிதான்: உங்கள் பல்! நார் குறைவு, சாறு அதிகம், மெதுமெதுவென்று இருக்கும். ஆனால் வளர்ப்பதோ கைக்குழந்தையை வளர்ப்பது மாதிரி. சித்திரை, வைகாசியில் கரணை நட்டால் மார்கழிக் கடைசியில்தான் வெட்டு. நடுவில் காய்ந்த சோகையைத் திரும்பத் திரும்ப உரிக்க வேண்டும். அப்போதுதான் தண்டு கருஞ்சிவப்பாகப் பளபளக்கும். சோகையின் ஓரம் ரம்பம் மாதிரி கையை அறுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காற்றில் சாயாமல் கூட்டிக் கட்ட வேண்டும். சாய்ந்த கரும்பு வளைந்துவிடும். வளைந்த கரும்பை நாம் வாங்குவோமா? 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சைப் பக்கம் தென்னை மரங்களையே பெயர்த்துப் போட்டது. கரும்பு எம்மாத்திரம்!

2023 பொங்கலுக்கு நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். முந்தின ஆண்டு ரேஷன் கடையில் கொடுத்த பொங்கல் பரிசில் முழுக் கரும்பு இருந்தது. அதை நம்பி விவசாயிகள் நட்டிருந்தார்கள். 2022 டிசம்பரில் வந்த அறிவிப்பில் பச்சரிசி, சர்க்கரை, 1,000 ரூபாய் இருந்தன. கரும்பு மட்டும் இல்லை! வயலில் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு நிற்கிறது, பொங்கலுக்கோ நான்கு வாரம்கூட இல்லை. விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அரசு கரும்பையும் சேர்த்தது. வெட்டி, ஏற்றி, கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவும் உள்பட, ஒரு கரும்புக்கு 33 ரூபாய் வரை என்று கணக்கு வைத்தார்கள். அதில் நட்டவர் கைக்கு எவ்வளவு போயிருக்கும், நீங்களே யோசியுங்கள்.

'கரும்பு தின்னக் கூலியா?' என்று நாம் கேட்கிறோம். வளர்த்தவருக்குக் கூலி வந்ததா என்று கேட்கிறோமா? துணிக்கடையில் ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, கரும்புக்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது நியாயம் இல்லை என்பது என் கட்சி. இந்தப் பொங்கலுக்கு அப்பா, அம்மாவோடு நீங்களும் கடைக்குப் போங்கள். "எந்த ஊர்க் கரும்பு தாத்தா?" என்று கேளுங்கள். பேரம் தொடங்கினால், அம்மாவின் முந்தானையை மெதுவாக இழுங்கள். திட்டினால், நான் சொன்னதாகச் சொல்லிக்கொள்ளுங்கள்!

வீட்டுக்கு வந்ததும் நல்ல பரு உள்ள ஒரு கணுவைக் கடிக்காமல் எடுத்து வையுங்கள். தொட்டியிலோ கொல்லையிலோ, பரு நசுங்காமல் படுக்க வைத்து, மேலே கொஞ்சம் மண் தூவி, ஈரம் காயாமல் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளை எட்டிப் பார்க்கும். நட்ட தேதியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினீர்கள், எத்தனை முறை சோகை உரித்தீர்கள் என்பதையும் எழுதி, அடுத்த பொங்கலுக்கு எனக்கு அனுப்புங்கள்.