பதவியின் பெயரும் போர்முனையின் தூரமும்

ஆயுத மோதல் நடக்கும் பகுதிக்கு ஒருவரை அனுப்பலாமா, எவ்வளவு காலம் அங்கே வைத்திருக்கலாம், பிடிபட்டால் அவருடைய சட்டநிலை என்ன என்ற வினாக்களுக்கு நியமனக் கடிதமே விடை சொல்லிவிடும் என்று பாதுகாப்பு நிருவாகத்தில் பொதுவாகக் கருதப்படுகிறது. இலங்கையின் கிழக்கில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2007இல் விடுதலைப் புலிகளின் தளமாயிருந்த குடும்பிமலை இராணுவத்தின் வசமாகும் வரை நிகழ்ந்தவை அக்கருத்தை மறுக்கின்றன.

1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்துக்கு உட்பட்ட படைவீரருக்குப் போர்முனை என்பது கட்டளையின் பேரில் சென்று, விடுமுறையிலோ மாற்றத்திலோ நீங்கக்கூடிய இடமாகும். 1984இல் உருவான விசேட அதிரடிப்படை பொலிஸ் திணைக்களத்துக்குரியது. எனினும் கிழக்கில் அது ஆற்றியது போர்ப்பணியே. சாதாரண பொலிஸாரோ குற்றத் தடுப்புக்காக நியமிக்கப்பட்டவர்கள். 1990 ஜூன் 11இல் மேலிடத்து உத்தரவை ஏற்று விடுதலைப் புலிகளிடம் சரணடைந்த அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஆயுதத்தைக் கீழே வைத்தவர் எப்பதவியினராயினும் மனிதாபிமானத்தோடு நடத்தப்பட வேண்டும் என்பது 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரையின் விதி. அன்று அது அப்பட்டமாக மீறப்பட்டது.

ஊர்காவல் படையினரின் நிலை இவற்றினும் சிக்கலானது. எல்லைக் கிராமங்களில், அதாவது இரு தரப்பின் செல்வாக்கும் உரசிய ஊர்களில், குறுகிய பயிற்சியோடு துப்பாக்கி பெற்ற இவர்களைப் போர்முனைக்கு எவரும் அனுப்பவில்லை. இவர்களுடைய வீடும் வயலுமே போர்முனையாயின. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்ட பின் தற்காப்புக்கான தேவை மறுக்க முடியாததாக இருந்தது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால், 1992 ஏப்ரலில் பொலன்னறுவை எல்லையிலுள்ள அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதையடுத்து, அயலிலுள்ள முத்துக்கல், கரப்பொலைத் தமிழர்கள்மீது நடந்த பழிவாங்கற் கொலைகளில் ஊர்காவல் படையினரும் தொடர்புற்றிருந்தனர். அயலவருக்கு எதிராக அயலவரை ஆயுதத்தோடு நிறுத்தும் பணி, முறையான கட்டளைப் பொறுப்பு இல்லாதபோது, எங்கு சென்று முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

ஆயுதமே ஏந்தாதவர்களும் போர்முனையில் பணியாற்றினர். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பணியாற்றிய ஆசிரியரும் மருத்துவரும் கிராம சேவை உத்தியோகத்தரும் அரச சம்பளம் பெற்றுக்கொண்டே, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த நிலத்தில், சோதனைச் சாவடிகளைக் கடந்து கடமைக்குச் சென்றனர். எந்தப் படைப்பட்டியலிலும் இவர்களின் பெயர் இருக்கவில்லை.

ஊர்காவல் படை 2006இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மறுசீரமைக்கப்பட்டது. போருக்குப் பின் அதே திணைக்களம் வன்னியில் முன்பள்ளி ஆசிரியர்களையும் பண்ணைத் தொழிலாளரையும் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்தது. போரில் நேரடியாகப் பங்கேற்காத ஒருவர், பாதுகாப்பு அமைச்சின் ஊதியத்தைப் பெறுவதனால் மட்டும் சட்டப்படித் தாக்குதலுக்குரிய இலக்காகிவிடுவதில்லை. ஆயினும் எதிர்த்தரப்பின் கண்ணுக்கும் அயலவரின் ஐயத்துக்கும் அந்த வேறுபாடு புலப்படுவது அரிது என்பதால், குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் பணியைப் பாதுகாப்புச் செலவினத்தோடு பிணைப்பது தவறான நிருவாகமாகும்.

ஆகவே பணிக்கட்டளை வரையும் அதிகாரிகள், பதவிப்பெயரோடு நின்றுவிடாமல், அப்பணியாளர் உண்மையில் செய்யப்போகும் வேலை, அதன் கால எல்லை, அவருக்குக் கட்டளையிடும் அலுவலர், இறப்போ காயமோ நேர்ந்தால் குடும்பத்துக்குரிய இழப்பீடு ஆகியவற்றை அக்கட்டளையிலேயே எழுத்தில் பதிய வேண்டும். ஆயுதமற்ற பணிகளைக் கல்வி, விவசாயத் திணைக்களங்களிடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும்.