பூச்சி மாத்திரையும் சுத்து வலையும்



இந்த இதழின் பழவேற்காட்டுக் கட்டுரைக்காக நம் நிருபர் கோட்டைக்குப்பம் பக்கம் போயிருந்தார். முகத்துவாரத்தில் மணல் அடைப்பதையும் இறால் விலையையும் விசாரிக்கப் போனவரை, நண்டு பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா மடக்கிவிட்டார். "கொரோனா டயத்துல ஆளாளுக்குப் பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டோமே தம்பி, அது கேட்டுச்சா இல்லியா?"

நிருபர் மழுப்பிவிட்டு வந்துவிட்டார். கேள்வி இப்போது என் மேசையில்.

அந்த மாத்திரை ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து உருவானது. யானைக்கால், சிரங்கு போன்றவற்றுக்கு அருமையான மருந்து. 2015-ல் நோபல் பரிசே வாங்கிக் கொடுத்தது. 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஆய்வகம் ஒன்றில், கண்ணாடிக் குடுவையில் வளர்த்த செல்களில் இது கொரோனா வைரஸை அடக்கியது. ஆனால் அங்கே பயன்படுத்திய அளவு, மாத்திரை விழுங்கினால் நம் ரத்தத்தில் சேரும் அளவைவிடப் பல மடங்கு. இந்த 'ஆனால்' மருந்துக்கடை வரை வந்து சேரவில்லை. 2021 ஏப்ரலில், லேசான தொற்றுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தேசிய சிகிச்சை வழிகாட்டியிலேயே இடம்பிடித்தது. செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள்.

மாத்திரை போட்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். போடாதவர்களிலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள். சிக்கலே இங்கேதான்.

பழவேற்காட்டாருக்கு இதை விளக்குவது சுலபம். ஏரியில் சுத்து வலை கட்டும் இடங்களைக் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்று ஊரும் பாடு முறையில், முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். (பாட்டில் பங்கில்லாத ஊர்களின் மனக்குறை தனிக்கதை, கட்டுரையில் அதுவும் இருக்கிறது.) நல்ல இடத்தில் இறால் கூடுதலாகப் படும். ஒருவர் புது வலை வாங்குகிறார், அன்றைக்கு அவருக்கு நல்ல இடமும் வாய்க்கிறது, கூடை நிறைகிறது. பெருமை வலைக்கா, இடத்துக்கா? அந்த வலையைச் சுமாரான இடத்திலும், பழைய வலையை நல்ல இடத்திலும் கட்டிப் பார்க்காமல் ஊர்ப் பெரியவர் யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

மருந்தும் அப்படித்தான். வயது குறைந்தவர், சர்க்கரை இல்லாதவர், சீக்கிரமே ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தால், எந்த மருந்தும் ஜெயித்த மாதிரிதான் தெரியும். அதனால் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். இந்தக் காலத்தில் குலுக்குவது கம்ப்யூட்டர். பிரேசிலில் 1,358 பேரை அப்படிப் பிரித்து ஐவர்மெக்டினைச் சோதித்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நிலையை அது குறைக்கவில்லை.

ஆக, கேட்கவில்லை அம்மா.

கேட்ட மருந்து ஒன்று உண்டு. டெக்சாமெதசோன், 1950-களிலிருந்து இருக்கும் மலிவான ஸ்டீராய்டு. பிரிட்டனின் 'ரெகவரி' பரிசோதனையில் 2,104 பேருக்கு இதைக் கொடுத்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரோடு ஒப்பிட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு. 2020 ஜூன் 16 அன்று அறிவித்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அதை யார் காதில் வாங்கியது? காய்ச்சல் கண்ட அன்றே ஸ்டீராய்டு என்று ஆனது. மறு வருடம் சர்க்கரை நோயாளிகளைப் பிடித்தாட்டிய கருப்புப் பூஞ்சைக்கு அதுவும் ஒரு காரணம்.

அதே 2021-ல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிருக்காக நின்ற கூட்டம் நினைவிருக்கும். அந்த மருந்து மரணத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 'சாலிடாரிட்டி' பரிசோதனை முந்தைய அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. வெயிலில் நின்றவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. வீட்டில் ஒருவருக்கு மூச்சு முட்டும்போது யார்தான் நிற்க மாட்டார்கள்? மருந்துச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து அனுப்பியவர்கள்மேல்தான் கொஞ்சம் வருத்தம்.

இத்தனைக்கும் சீட்டுக் குலுக்கும் வித்தை சென்னைக்குப் புதிதில்லை. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956-ல் தொடங்கியபோது, வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் முதலில் எடுத்துக்கொண்ட வேலையே அதுதான். காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்துக்கும் மறு பாதியை வீட்டுக்கும் அனுப்பினார்கள். மருந்து இரு பாதியினருக்கும் ஒன்றே. நெரிசலான வீடு, போதாத சாப்பாடு. அப்படியிருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது.

2021-ல் உங்கள் வீட்டில் என்ன மாத்திரை போட்டீர்கள், யார் சொல்லிப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். டாக்டர் பெயரோ ஆஸ்பத்திரி பெயரோ வேண்டாம். அட்டையில் மிச்சம் ஏதாவது அலமாரியில் கிடந்தால், தேதி பார்த்துத் தூக்கிப் போடுங்கள். கடிதத்தோடு அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்