விமானம் தொலையலாமா?

2009 செப்டம்பர் 2 காலை, ஹைதராபாத்திலிருந்து நம் சித்தூர் மாவட்டத்துக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் வந்து சேரவில்லை. அதில் இருந்தவர் ஆந்திர முதல்வர் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி. விமானப்படை பறந்து தேடியது; துணை ராணுவத்தினர் நல்லமலைக் காட்டுக்குள் இறங்கினார்கள். அப்படியும் மறுநாள் காலைதான் சிதைவுகள் கண்ணில் பட்டன. ஒரு முதல்வரை, அதுவும் தரையில் தேடுவதற்கே இந்தப் பாடு. கடல்மேல் மறைகிற சாதாரணப் பயணிகளை எங்கே போய்த் தேடுவது? தேட வேண்டிய நிலையே வரக்கூடாது. தான் இருக்கும் இடத்தை விமானமே விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறோம் நாம்.

2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பீஜிங்குக்குப் புறப்பட்ட எம்.ஹெச்.370 விமானம், 5 இந்தியர் உட்பட 239 பேரோடு மறைந்தது. ரேடாருக்கு இருப்பிடம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் ஓய்ந்த பிறகும் அது பல மணி நேரம் பறந்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் அடியில் 1,20,000 சதுர கிலோமீட்டரைச் சலித்துவிட்டு, 2017 ஜனவரியில் வெறுங்கையோடு தேடலை நிறுத்தினார்கள். பிரிவினைக்கு முந்தைய சித்தூர் மாவட்டத்தைப்போல எட்டு மடங்கு பரப்பு அது! நம் வங்கக் கடல் மட்டும் விதிவிலக்கா? 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் பறந்த விமானப்படையின் ஏ.என்.32, 29 பேரோடு காணாமல் போனது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடப்பதை ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்கள் காட்டின. செய்தி வந்தது 2024 ஜனவரியில். காரியம் செய்வதா, காத்திருப்பதா என்று தெரியாமல் ஒரு குடும்பம் ஏழரை ஆண்டு தவிப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

எம்.ஹெச்.370க்குப் பிறகு சர்வதேச விதிகள் மாறின. ஆனால் பாதிதான் மாறின. பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடத்தைக் கடல்மேல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அறிய வேண்டும் என்பது 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த 15 நிமிடத்தில் ஜெட் விமானம் 200 கிலோமீட்டர் தாண்டிவிடும். ஆபத்து நேர்ந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே இருப்பிடத்தை அனுப்பும் ஏற்பாடோ, 2024 முதல் புதிதாகப் பறக்க வரும் பெரிய விமானங்களுக்கு மட்டுமே கட்டாயம். ஒரு விமானம் இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடும். பழைய விமானத்தில் ஏறுகிறவர் உயிர் என்ன மலிவா?

எப்போதோ நடப்பதற்கு இவ்வளவு செலவா என்பார்கள். கடலடித் தேடலுக்குக் கொட்டிய பணத்தை அவர்கள் கணக்கில் சேர்க்கட்டும். ராணுவ விமானம் இருப்பிடத்தைச் சொன்னால் ரகசியம் போய்விடும் என்பது நியாயமான கவலைதான். ஆபத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் கருவி அதற்குப் போதும். விழுந்த பின் கண்டுபிடித்து என்ன பயன் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2009-ல் அட்லாண்டிக்கில் 228 பேரோடு விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் கறுப்புப் பெட்டிகள் இரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்தன. வேகம் காட்டும் குழாய்களைப் பனி அடைத்ததும், அதன்பின் விமானிகள் தடுமாறியதும் அவற்றால்தான் தெளிவாகி, விமானிகளின் பயிற்சியே மாறியது.

திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள், வானிலையைக் கவனிப்பதோடு அபாயச் சமிக்ஞைகளையும் வாங்கித் தரைக்கு அனுப்பக்கூடியது. அந்தச் சமிக்ஞையை எல்லா விமானமும் அனுப்ப வைப்பதுதான் பாக்கி. நம் சித்தூர் மாவட்டத்தார் பிழைப்புக்காகச் சென்னையில் விமானம் ஏறி, கடல் தாண்டிக் குவைத் போகிறார்கள். இந்தியாவிலிருந்து கடல்மேல் பறக்கும் பழைய விமானங்களிலும் ஆபத்தில் தானே இருப்பிடத்தைச் சொல்லும் கருவியைப் பொருத்துவதற்கு, ஆந்திரரான விமானத்துறை அமைச்சர் ராம்மோகன் நாயுடு ஒரு கெடு தேதியை அறிவிக்க வேண்டும்.