தலைவலிக்குச் சைக்கிளா குற்றவாளி?

ஒருவருக்குத் தலைவலி வந்தால் அது எதனால் வந்தது என்று தேடிப் பார்ப்பது அறிவு. இன்னதால்தான் வந்தது என்று முன்னாலேயே முடிவு கட்டிக்கொண்டு, பிறகு தலையைத் தொட்டுப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். அந்தத் தலை ஒரு பெண்ணின் தலையாய் இருந்துவிட்டாலோ, காரணத்தோடுகூடத் தண்டனையும் முன்னதாகவே தயாராய் இருக்கும். சதுரங்கப்பட்டினம் கரையோரத்தில் சைக்கிள் விடுகிற பெண்பிள்ளைகளின் தலைவலி விஷயமும் இப்படித்தான் தீர்ப்புச் சொல்லப்பட்டு வருகிறது என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நடப்பது என்ன? ஒரு பெண் காலையில் சைக்கிளேறிப் பள்ளிக்கூடம் போய், மாலையில் வீடு திரும்பித் தலையைப் பிடித்துக்கொண்டு மூலையில் படுக்கிறாள். நெற்றிப் பொட்டு தெறிக்கிறது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. அடுப்படி வாசனை குமட்டுகிறது. உடனே பாட்டியம்மாள், "உச்சி வேளையில் சவுக்குத் தோப்புப் பக்கம் வந்தாயாடி?" என்கிறாள். அத்தைக்காரி, "வயசுக்கு வந்த பெண் வண்டி மிதித்தால் சூடு தலைக்கேறாமல் என்ன செய்யும்?" என்கிறாள். அண்டை வீட்டம்மாள் கண்ணேறு என்கிறாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலே போடப்படுகிறது. அதிலும் போகாவிட்டால் பூசாரி வருகிறார், வேப்பிலை வருகிறது, கறுப்புக் கயிறு வருகிறது. மூன்றாந்தடவையும் வலி வந்துவிட்டால் சைக்கிளைத் தாழ்வாரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். பஸ்சு வரும் நேரம் ஒன்றும் பள்ளி விடும் நேரம் ஒன்றுமாய் இருக்கிற கிராமத்தில் சைக்கிளைப் பூட்டினால் அதோடு படிப்பும் பூட்டப்பட்டதாகத்தானே அர்த்தம்?

இதே வீட்டில் அவளுடைய அண்ணனும் சைக்கிள் விடுகிறான். அவனுக்கும் மண்டையிடி வருகிறது. அவனுக்கு என்ன வைத்தியம்? "வெயிலிலே அலைந்தாயா? ஒரு டீ குடித்துவிட்டுப் படு" என்பதும், பெட்டிக் கடையில் ஒரு மாத்திரையுந்தான். அவனுடைய சைக்கிளை யாரும் பூட்டுவதில்லை. ஆண்பிள்ளை வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, பெண்பிள்ளை வந்தால் மட்டும் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிற இந்தச் சவுக்குத் தோப்பு முனி எந்த சாஸ்திரம் படித்தவன் என்று கேட்கிறோம். அவன் மநுதர்மம் படித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

நிற்க, சைக்கிள் விட்டால் தலைவலி வருவதே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சிலருக்கு வரத்தான் வருகிறது. உலகத்து மருத்துவர்கள் கூடித் தலைவலிகளை இனம் பிரித்து எழுதி வைத்திருக்கிற பட்டியலில், கடுமையாய் உடம்பை உழைப்பதால் வரும் தலைவலி என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. ஓடும்போதோ, மேட்டில் வண்டி மிதிக்கும்போதோ, அல்லது அது முடிந்த உடனேயோ தலை விண்விண்ணென்று தெறிக்கும். 48 மணி நேரத்துக்குள் போய்விடும். வெப்பமான நாட்களில் இது அதிகம் வருகிறது என்றும் அதிலேயே குறித்திருக்கிறார்கள். சித்திரை வைகாசி வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலைத் தாரின்மேல் எதிர்காற்றில் வண்டி மிதிக்கிற பிள்ளைக்கு இது வருவதற்கு முனியின் தயவு எதற்கு?

இது ஒரு வகை. இன்னும் இருக்கின்றன. சீட்டு உயரமாயும் ஹாண்டில் பார் தாழ்வாயும் இருந்தால், முன்னால் குனிந்துகொண்டு தலையை மட்டும் தூக்கிப் பார்த்துப் போக வேண்டும். அரை மணி அப்படிப் போனால் பிடரித் தசை இறுகி, வலி பின்மண்டையிலிருந்து நெற்றிக்கு ஏறும். தலையில் இறுக்கமான பட்டையோ கவசமோ அணிந்தால் அதனாலும் வரும். கழற்றி வைத்த ஒரு மணி நேரத்துக்குள் அது நின்றுவிடும். மயிரை இழுத்து இறுக்கிப் பின்னினால் வருகிற தலைவலிக்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு. நம் பெண்பிள்ளைகளின் இரட்டைச் சடையை நினைத்துக்கொள்ளுங்கள்! தண்ணீர் குடிக்காததால் வருவது வேறு. பெண்பிள்ளைகள் பள்ளியில் கழிப்பிடம் சரியில்லை என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களே, அந்தக் காரணத்தை எந்தப் பூசாரியாவது குறி பார்த்துச் சொன்னதுண்டா?

இவற்றில் பாதிக்கு மருந்தே வேண்டாம். ஒரு ஸ்பேனரும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும். ஆனால் நம்மவர்கள் ஆயுத பூசையன்று சைக்கிளுக்கு விபூதிப் பட்டையடித்து, குங்குமம் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம் பழம் நசுக்குவார்களே ஒழிய, சீட்டின் ஆணியைத் தளர்த்தி ஓட்டுகிற பிள்ளையின் உயரத்துக்கு இறக்க மாட்டார்கள். வருஷம் முழுவதும் காய்ந்து கிடக்கிற செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட மாட்டார்கள். 1984 முதல் அணுவிலிருந்து மின்சாரம் எடுத்துக் கொடுக்கிற கல்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இனி, ஒற்றைத் தலைவலி என்பதைப் பற்றிச் சொல்லுகிறோம். மேலே சொன்ன பெண்ணுக்கு வெளிச்சம் கூசி, வாசனை குமட்டினதே, அது பெரும்பாலும் இதுதான். மூளைக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கிற சவ்வுக்கும் அதில் ஓடுகிற இரத்தக் குழாய்களுக்குந்தான் வலி தெரியும். முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோகிற ஒரு பெரிய நரம்பு கிளர்ச்சியடைந்து சில இரசாயனப் பொருள்களை அங்கே கசியவிடுவதால் இந்த வலி எழுகிறது என்று கண்டுபிடித்து, அப்பொருளைத் தடுக்கிற மருந்துகளே 2018 முதல் வந்துவிட்டன. உலகத்தில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. சிறு பிள்ளைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. பூப்படைந்த பிறகு பெண்களுக்கு மாத்திரம் இரண்டு மூன்று மடங்கு கூடிவிடுகிறது. உடம்பில் ஊறும் சுரப்பு நீர்கள் மாதந்தோறும் ஏறி இறங்குவது இதற்கு முக்கிய காரணம்.

இந்த இடத்தில்தான் வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசாங்கம் 2001-02 இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06 இல் மற்ற மாணவர்களுக்கும் விரிவாக்கிய இலவச சைக்கிள் திட்டத்தில் சைக்கிள் கைக்கு வருவது எப்போது? பதினோராம் வகுப்பில். அதாவது பதினைந்து பதினாறு வயதில். ஒற்றைத் தலைவலி பெண்களுக்குத் தலைகாட்டத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்தப் பருவத்தில்தான். சைக்கிள் வந்தது, தலைவலி வந்தது, ஆகவே சைக்கிளால் தலைவலி வந்தது என்று காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாய் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே வயதில்தான் அவளுக்குத் தாவணி கொடுத்தார்கள், விரதம் கொடுத்தார்கள், மாப்பிள்ளை தேடவும் ஆரம்பித்தார்கள். அவற்றின் மேல் ஏன் சந்தேகம் வரவில்லை?

விரதம் என்று சொன்னோம். அதையும் பார்த்துவிடுவோம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அதைக் கிளப்பிவிடுகிற காரணங்களில் முதன்மையானவை எவையென்றால், வேளைக்குச் சாப்பிடாததும் தூக்கம் கெடுவதும் ஆகும். சிலருக்குக் கடும் வாசனையும் புகையும் கிளப்பும். வெள்ளிக்கிழமை ஒரு பொழுது, சஷ்டிக்குப் பட்டினி, மார்கழியில் விடியுமுன் எழுந்து கோலம், சாம்பிராணிப் புகை, கற்பூரப் புகை, கொண்டை கொள்ளாத மல்லிகைப் பூ என்று தலைவலியை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற ஏற்பாடெல்லாம் பக்தியின் பேரால் நடக்கிறது. அந்த வெறும் வயிற்றோடு அவள் வெயிலில் வண்டி மிதிக்கிறாள். வலி வந்ததும் பட்டினிக்குப் புண்ணியம் என்று பெயர், சைக்கிளுக்குப் பூட்டு! இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய்ச் சொல்லுவது?

உடம்பசைத்தால் ஒற்றைத் தலைவலி அதிகமாகும் என்பது மெய். வலி இருக்கும்போது வண்டியை விட்டு இறங்கி இருட்டறையில் படுக்க வேண்டியதுதான். ஆனால் வலியில்லாத நாட்களில்? சுவீடன் தேசத்தில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 91 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவை வாரம் மூன்று நாள் நாற்பது நாற்பது நிமிஷம் உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். அந்தப் பயிற்சி எதுவென்றால், நிறுத்தி வைத்த சைக்கிளை மிதிப்பது! இன்னொரு பிரிவுக்கு உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும், மற்றொரு பிரிவுக்கு டோபிராமேட் என்ற மருந்தும் கொடுத்தார்கள். 2011 இல் வெளியான அதன் முடிவின்படி மூன்று பிரிவாருக்கும் வலி வரும் தடவைகள் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தன. அதாவது நம் ஊரில் பூட்டி வைக்கிற பொருளை அங்கே மருந்தாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த மடமை நமக்கு மாத்திரம் சொந்தம் என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. வெள்ளைக்காரனுக்கும் இருந்தது. 1890களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஏறத் தொடங்கியதும், "சைக்கிள் முகம்" என்று ஒரு வியாதியையே கற்பித்தார்கள். வண்டி விழாமல் பார்த்துக்கொள்கிற கவலையால் தாடை இறுகி, கண் பிதுங்கி, முகம் கெட்டுப் போகுமாம். 1897 இல் ஆர்தர் ஷாட்வெல் என்கிற மருத்துவர் அந்தப் பெயரைத் தாமே வைத்ததாகப் பெருமை பேசி எழுதினார். அதே வருஷம் சிக்காகோவில் சாரா ஹாக்கெட் ஸ்டீவன்சன் என்கிற பெண் மருத்துவர், சைக்கிளால் உடம்பின் எந்தப் பாகத்துக்கும் கேடில்லை, நன்மைதான் என்று எழுதினார். இன்று அந்த வியாதி எங்கே? எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. பெண்கள் இறங்க மறுத்தார்கள், வியாதி இறங்கிப் போய்விட்டது.

நம் நாட்டிலும் அப்படி நடந்ததுண்டு. புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் எழுத்துக் கற்பிக்கும்போதே சைக்கிளும் கற்பித்தார்கள். 1992 இல் பெண்கள் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். நடுவில் ஓடுகிற குழாயில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. கல்லுடைக்கிற பெண்களும் வயல்வேலைப் பெண்களும் மிதித்தார்கள். அங்கேயும் புளியமரம் இருந்தது, முனியும் இருந்தான், வெயிலுக்கும் குறைவில்லை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து சுமார் 30 கிலோ மீட்டரில் உள்ள செங்கற்பட்டில், 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், எந்தத் தொழிலையும் ஆண்களைப் போலவே அவர்களும் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே ஜில்லாவில் ஒரு பெண் சைக்கிள் மிதிக்கலாமா என்பதைப் பூசாரியைக் கேட்டுத் தீர்மானிப்பதென்றால் வெட்கக்கேடு யாருக்கு?

கயிற்றுக்கும் கேட்காவிட்டால், "திருக்கழுக்குன்றம் கூட்டிப்போய்ச் சங்கு தீர்த்தத்தில் முழுக்காட்டுங்கள், தீராத நோயெல்லாம் தீரும்" என்பார்கள். அந்த மலையில் நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரம் கொடுக்கும் சோற்றைத் தின்றுவிட்டுப் போகும். காசியில் குளித்து இராமேசுவரம் போகும் முனிவர்கள் என்று கதை. 1990களின் பிற்பகுதியில் அவை வருவது நின்றது. கலி முற்றிவிட்டது என்றார்கள். அந்த வருஷங்களில் இந்தியா முழுவதுமே கழுகினம் கூட்டங்கூட்டமாய்ச் செத்துக்கொண்டிருந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்கிற வலி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் போய்க் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004 இல் ஆராய்ச்சியாளர் கண்டார்கள். 2006 இல் இந்திய அரசாங்கம் மாட்டுக்கு அதைக் கொடுப்பதைத் தடுத்தது. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் மனிதர் விழுங்குகிறதும் இதே மருந்துதான். தல புராணத்தைப் புரட்டியிருந்தால் காரணம் கிடைத்திருக்குமா? பிணத்தை அறுத்துப் பார்த்ததால் கிடைத்தது.

மருந்து என்றதும் இன்னொன்று. பெட்டிக் கடை மாத்திரையை மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் விழுங்கினால், அதுவே நாள்தோறும் தலைவலியை உண்டாக்கும். முனியை விட்டு மாத்திரைக்கு அடிமையாகச் சொல்லுவது நம் கட்சி அல்ல. அடிக்கடி வருகிறவர்கள் மருத்துவரிடம் போய், என்று வந்தது, என்ன சாப்பிட்டோம், எத்தனை மணி தூங்கினோம் என்று குறித்து வைத்ததைக் காட்ட வேண்டும். வராமல் தடுக்கவும் மருந்து இருக்கிறது.

மிகவும் முக்கியமானது ஒன்றுண்டு. வண்டி மிதிக்கும்போது இடி விழுந்தாற்போல் ஒரு நிமிஷத்துக்குள் உச்சிக்கு ஏறுகிற வலி, பிடரி விறைப்பு, மயக்கம், பார்வை இரட்டித்தல், ஒரு பக்கம் கைகால் விளங்காமை, கீழே விழுந்து அடிபட்ட பின் வருகிற வலி ஆகிய இவை வேறு. மூளையைச் சுற்றி இரத்தக் குழாய் வெடித்திருக்கலாம். வயது சென்றவர்களுக்கு மிதிக்கும்போது வந்து, நின்றால் போய்விடுகிற தலைவலி சில சமயம் இருதயக் கோளாறாகவும் இருக்கும். உழைப்புத் தலைவலி முதல் தடவை வரும்போதே ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவதும் இதற்காகத்தான். இடி போன்ற அந்த வலி கண்ட நேரத்தில் 108 ஐக் கூப்பிட்டுச் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வேப்பிலை அடித்துக்கொண்டிருப்பவரைக் கொலைகாரர் என்று சொல்ல நாம் கூச மாட்டோம்.

கடைசியாக, கயிறு மந்திரிக்கும் பூசாரிமார்களுக்கு ஒரு அழைப்பு. இருபது பெண்பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கு அவர் கயிறு கட்டட்டும். பத்துப் பேருக்கு நாம் சீட்டைச் சரி செய்து, காலையில் வயிறாரச் சாப்பிடச் சொல்லி, ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறோம். மூன்று மாதத்துக்குத் தலைவலி வந்த தேதிகளைப் பிள்ளைகளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதை இப்பத்திரிகையின் முதல் பக்கத்தில் அப்படியே வெளியிடத் தயாராய் இருக்கிறோம். சம்மதத்தை ஒரு கார்டில் எழுதித் தெரிவித்தால் போதும். கயிறு கட்டிய பத்துப் பெண்களின் சைக்கிளையும் பூட்டக் கூடாது என்பது ஒன்றுதான் நம்முடைய நிபந்தனை.