சரவெடியைக் கடையிலேயே தடுங்கள்

தமிழ்நாட்டில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க அரசு ஒதுக்கியிருக்கும் நேரம் காலை 6 முதல் 7 மணி வரை, மாலை 7 முதல் 8 மணி வரை. இரண்டு மணி நேரம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியதையொட்டி வந்த ஏற்பாடு இது. ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது. சத்தமோ முந்தைய நாளே தொடங்கி, தீபாவளி நள்ளிரவிலும் ஓய்வதில்லை.

நாம் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கிறோம். நாய்க்கு ஏறத்தாழ 45 ஆயிரம் வரை கேட்கும். அடுத்த வெடி எப்போது, எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. வீட்டு நாய் தீனியைத் தொடாமல் கட்டிலுக்கடியில் நடுங்குகிறது. தெருநாய்க்கு அந்தக் கட்டிலும் இல்லை. மிரண்டு ஓடி, பழகிய தெருவைத் தாண்டி, வண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. ஆஸ்துமாக்காரர்கள் புகையில் மூச்சுக்குத் தவிக்கிறார்கள். ‘ஒருநாள் பொறுத்தால் என்ன?’ என்று கேட்பவர்கள், பொறுக்கும் வலு இல்லாதவர்களிடம்தான் அதைக் கேட்கிறார்கள்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் நாரைகளுக்காகப் பல்லாண்டுகளாகப் பட்டாசே வெடிப்பதில்லை. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த அளவு தியாகத்தை எல்லா ஊரிடமும் நாம் கேட்கவில்லை. சிவகாசியின் பிழைப்பில் மண் போடவும் சொல்லவில்லை. மத்தாப்பும் புஸ்வாணமும் சங்குசக்கரமும் அதே தொழிலாளர்களின் கைகள் செய்பவைதான்.

நாம் கேட்பது, இருக்கும் சட்டத்தைச் சரியான இடத்தில் செயல்படுத்த வேண்டும் என்பதே. சரவெடியைத் தயாரிக்கவும் விற்கவும் வெடிக்கவும் 2018 தீர்ப்பே தடை விதித்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பும் வெடிகளுக்கு அதற்கு முன்பிருந்தே அனுமதியில்லை. ஆனாலும் இவை கடைகளில் கிடைக்கின்றன. நேரம் தவறி வெடித்த இளைஞர்மீது வழக்குப் போடும் காவல்துறை, விற்றவரை எத்தனை முறை தேடிப் போகிறது?

தீபாவளிக்கு முன்பே கடைகளிலும் கிடங்குகளிலும் மாவட்ட நிர்வாகம் சோதனை நடத்த வேண்டும். தடையை மீறுவோரின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும். மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலத்தில் அன்றிரவு காவலரை நிறுத்த வேண்டும். பட்டாசு வாங்கப் போகும் பெற்றோர்களே, இந்த முறை சரவெடியைக் கேட்காதீர்கள்.